அனம் மூன்று சென்டிமீட்டர் குறைந்த பெருநாள்

ஒரு சென்டிமீட்டர் இருபத்தைந்தாயிரம் ரூபாய். துணியின் விலை இல்லை. என் மகள் அனத்தின் உயரத்துக்குச் சொன்ன விலை.

சொன்னவர் ராயபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சண்முகவேல். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டே காட்டினார்.

"தினம் ஒரு ஊசி பாய். வருஷத்துக்கு ரெண்டு லட்சம் ஆவும். ஊசி போட்ட வருஷம் புள்ளைங்க எட்டு சென்டிமீட்டர் வரைக்கும் வளருதுன்றாங்க. நீயே வகுத்துக்கோ."

வகுத்தேன். வகுத்த கையோடு, "பாத்துப் போட்டுக் குடு சண்முகவேலு" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பெத்த பொண்ணு ஒசரத்துக்கா பேரம் பேசற?"

"பேரம் பேசாம வாங்குனா எங்க அத்தா கப்ருலேர்ந்து எழுந்து வந்து அறைவாரு."

"நாலு பர்சென்ட் தள்ளித் தரேன். ஆனா டாக்டர் சீட்டு வேணும். சீட்டு இல்லாம இத நான் தொடக்கூட மாட்டேன்."

சீட்டுதான் இல்லை. டாக்டர் ஊசி எழுதித் தரவும் இல்லை, வேண்டாம் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. நான் அனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். எட்டு வயது. பார்க்கிறவர்கள் ஐந்து என்பார்கள்.

"அத்தா, நான் மொத்தமா எவ்ளோ ஆவறேன்?"

"நூத்திப் பதிமூணு சென்டிமீட்டர். இருபத்தெட்டே கால் லட்சம்."

"அப்ப என்னை வித்துட்டு கார் வாங்கலாமா?"

வாங்கின காரில் பிறகு யாரை உட்கார வைப்பது? அவளுக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்தபடி. மணி பகல் பன்னிரண்டு.

இந்தக் குழப்பம் ஆரம்பித்தது அதற்கு மூன்று வாரம் முன்னால், இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரியில், நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பெருநாளுக்குப் புதுத்துணி வெட்டும்போது அனத்தைக் கதவோரம் நிற்க வைத்து உயரம் அளப்போம். அளப்பது உசேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் என் கட் பீஸ் கடையில் பதினைந்து வருஷமாகத் துணி அளப்பவன். என்னை நம்பாதவர்கள்கூட அவன் கையை நம்புவார்கள். சுவரில் பென்சிலால் கோடு போடுவான். அந்தக் கோடு அடுத்த பெருநாள் வெள்ளையடிப்பில் போய்விடும். ஆகவே எண்ணை மட்டும் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். தொண்ணூற்றேழில் 101. தொண்ணூற்றெட்டில் 107. தொண்ணூற்றொன்பதில் 114.

இந்த வருஷம் உசேன் துணி அளக்கும் மீட்டர் கம்பியை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"நூத்திப் பதினொண்ணு பாய்."

"டேய், போன வருஷமே நூத்திப் பதினாலுடா."

"மூணு வாட்டி அளந்துட்டேன். பொண்ணு மூணு சென்டிமீட்டர் எறங்கிகீது."

அடுப்படியிலிருந்து என் மனைவி மைமூன் கரண்டியோடு வந்தாள். "புள்ள இன்னா தங்கமா, வெல எறங்கறதுக்கு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து போன பெருநாள் சட்டையை எடுத்து வந்து அனத்துக்குப் போட்டுக் காட்டினாள். கச்சிதமாக இருந்தது. "ஊர்ல எல்லா வூட்லயும் சட்ட பத்தலன்னு அழுவாங்க. நம்ம வூட்ல மட்டும் ஒரு வருஷமா பத்திகினே கீது. நான் சொன்னா நீங்க துணி மிச்சம்னு சந்தோஷப்பட்டீங்க."

உண்மை. சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் சட்டை அதேதான் என்றால் பெண் அப்படியே இருக்கிறாள் என்று அர்த்தம்; குறைந்திருக்கிறாள் என்று அர்த்தம் இல்லையே. வளர்ந்தவள் எப்படித் திரும்பி வருவாள்? சலவைக்குப் போட்ட காடாத் துணியா அவள், சுருங்க?

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் அந்தக் கம்பியைச் சந்தேகப்படவில்லை என்று உங்களுக்குப் புரியாது.

என் கடையில் மீட்டர் கம்பிகள் மூன்று உண்டு. ஒன்று, மில்காரர்களிடம் மிச்சத்துணி வாங்கும்போது அளக்கிற கம்பி. மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளம் அதிகம். கடைக்குள் அதற்குப் பெயர் அண்ணன். இன்னொன்று, ஜனங்களுக்கு விற்கும்போது அளப்பது. இரண்டு சென்டிமீட்டர் கம்மி. அது தம்பி. மூன்றாவது, அரசாங்க முத்திரை குத்திய சரியான கம்பி. கல்லாவுக்குப் பின்னால் எண்ணெய் போட்டுத் துடைத்துத் தொங்கவிட்டிருப்போம். ஒரு வேலையும் செய்யாமல் மரியாதையை மட்டும் வாங்கிக்கொண்டு இருப்பதால் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. தெருவில் நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் நான் ஒருவன்தான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மகள் விஷயத்தில் நான் ஒரு நூல்கூடப் பிசகமாட்டேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் உசேனிடம், "மாப்பிள்ளையை எடுத்துகினு வா" என்றுதான் சொல்லியனுப்புவேன். ஆகவே என் டைரியில் இருந்த நான்கு எண்ணும் முத்திரை குத்தியவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாத இடத்தில்தான் வியாபாரி நஷ்டப்படுவான்.

பெருநாள் கழிந்து மூன்று வாரம் பொறுத்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் குழந்தை டாக்டர் அருள்பிரகாசத்தின் நர்சிங் ஹோமுக்குப் போனோம். நல்ல கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அனம் மைமூனின் மடியில் தலையைச் சாய்த்தாள். பத்தாவது நிமிஷம் குறட்டை.

சாதாரணக் குறட்டை இல்லை. பக்கத்தில் காசிமேட்டு மீன்காரம்மா ஒருவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா பாயி, பொண்ணா லாஞ்சா?" என்றார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் பெருமையோடு. எங்கள் வீடு இருப்பது துறைமுகத்துக்குப் போகும் சாலையில். ராத்திரி பூராவும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். அந்தச் சத்தத்திலும் குறட்டை விட்டுத் தூங்குகிற பிள்ளை கிடைத்தது அல்லா கொடுத்தது என்று இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

திடீரென்று குறட்டை நின்றது.

"இஞ்சினு ஆஃப்" என்றார் மீன்காரம்மா.

அனத்தின் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. பிறகு தண்ணீரிலிருந்து எழுந்தவள் மாதிரி ஒரு பெரிய இழுப்பு, ஒரு புரளல், மறுபடி குறட்டை. நாங்கள் தினமும் பார்ப்பதுதான். ஆனால் வாசலில் டீ கிளாஸோடு நின்ற டாக்டர் டீயைக் குடிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு செகண்ட்" என்றார். "இது யார் குழந்தை?"

எழுந்து நின்றேன். "எம்பொண்ணுதான் டாக்டர். நல்லாத் தூங்குவா."

"பதினாலு செகண்ட் காத்து உள்ள போகலைங்க."

"நெஞ்சு ஆடிகினுதானே இருந்துது?"

"நெஞ்சு ஆடுச்சு. கதவு மூடியிருக்கு. வெளிய நின்னு தள்ளுறா, திறக்கலை."

வரிசையைத் தாண்டி எங்களை உள்ளே கூப்பிட்டார். அதற்கும் மீன்காரம்மாதான் அனுமதி கொடுத்தார். "போ போ, லாஞ்ச மொதல்ல ரிப்பேர் பண்ணு."

டாக்டர் அனத்தின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். எங்களையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். தொண்டையின் இரண்டு பக்கமும் இரண்டு நெல்லிக்காய் அளவுக்குச் சதை. நடுவில் ஒரு ஸ்ட்ரா போகிற இடம். மூக்குக்குப் பின்னாலும் இதேபோல ஒன்று இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் தெரியும் என்றார். குறட்டை எப்போதிருந்து என்று மைமூனைக் கேட்டார்.

"தொண்ணூத்தெட்டு பக்ரீதுக்கு அப்புறம் சார். அப்ப அடிக்கடி காச்சலு, தொண்ட வலி. காச்சல் போச்சு, கொறட்ட தங்கிடுச்சு. தூக்கத்துல ஒரே வேர்வ. தலகாணிய வுட்டுட்டுத் தலைய பின்னாடி தொங்கப் போட்டுகினு தூங்குவா. பெட்டு நனைக்கறா. ஸ்கூல்ல டீச்சரு, புள்ள கிளாஸ்ல தூங்கிகினே கீதுன்னு ஒரே கம்ப்ளெயின்ட்டு."

இதில் பாதி எனக்குப் புதுச் செய்தி. "இதையெல்லாம் எங்கிட்ட சொல்லவேயில்லயே?"

"சொன்னேன். அப்ப நீங்க தூங்கிகினு இருந்தீங்க."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி. பிள்ளைகளை வளர்க்கும் ஹார்மோன் அங்கிருந்து வருகிறது. பகலில் கொஞ்சம் கொஞ்சம் வரும். பெரிய சரக்கு இறங்குவது தூங்கின முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தில். மூச்சு அடைக்கும் ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். பிள்ளைக்கே தெரியாது. ஆனால் ஆழத்துக்குப் போக முடியாமல் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். போதாததற்கு, மூச்சு விட மல்லாடுவதிலேயே தின்ற சோறும் செலவாகிவிடும்.

"பத்து மணி நேரம் தூங்கறாளே டாக்டர்?"

"பத்து மணி நேரம் படுத்திருக்கா. தூக்கம் எவ்வளவுன்னு நீங்க அளந்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பில்லில் பத்து மீட்டர். பிரித்துப் பார்த்தால் துணி அவ்வளவு இல்லை. இருபது வருஷமாக நானே செய்கிற வேலை. என் வீட்டுக்குள் எனக்கே எவனோ செய்திருக்கிறான், நான் கண்டுபிடிக்கவில்லை.

"அப்ப அந்தச் சதைய எடுத்துட்டா வளந்துடுவாளா?"

"அங்கதான் எனக்குக் குழப்பம்" என்றார் டாக்டர். உயரத்தை அளந்தார். அவருடைய சுவர் ஸ்கேலில் 113-க்குச் சற்று மேல். நான் டைரியை நீட்டினேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

"நூத்தியொண்ணு, நூத்தியேழு, நூத்திப் பதினாலு, நூத்திப் பதினொண்ணு. இப்ப மூணு வாரத்துல நூத்திப் பதிமூணு. இது குழந்தையா, பங்குச் சந்தையா?"

"முத்திரை குத்துன கம்பில அளந்தது டாக்டர்."

"கேளுங்க பாய். இதுல ரெண்டு வழி. குறட்டை வர்றதுக்கு முன்னாடி ஒழுங்கா வளர்ந்து, வந்தப்புறம் தேங்கியிருந்தா குற்றவாளி தொண்டை. ஆபரேஷனுக்கு அனுப்பிடுவேன். ஆரம்பத்துலேர்ந்தே ஏதோ தப்புன்னா சுரப்பியைச் சோதிக்கணும். ஹார்மோனே இல்லேன்னா ஊசி, வருஷக்கணக்கா. உங்க நோட்டு என்ன சொல்லுது? குறட்டை விட்ட முதல் வருஷம் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கா. தூங்காமலே ஏழு வளர்ந்தா தொண்டை மேல எப்படிப் பழி போடறது? அடுத்த வருஷம் மூணு குறைஞ்சிருக்கா. அதுக்கு எந்தப் புத்தகத்துலயும் வியாதி இல்லை."

"அப்ப?"

"வயசு ஆக ஆகத் தொண்டைச் சதை தானா சுருங்கறதும் உண்டு. சைஸைப் பாத்தே வெட்டிப் போட்ட காலமெல்லாம் போச்சு. இந்த நோட்டை வெச்சுக்கிட்டு நான் கத்தியும் எடுக்க மாட்டேன், ஊசியும் எழுத மாட்டேன். ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. என் ஸ்கேல்ல நானே அளக்கறேன்."

ஆறு மாசம். மைமூன் வெளியே வந்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "ஆறு மாசம் புள்ள கழுத்த யாரோ புடிச்சிகினு கீற மாதிரி படுத்துனு கெடக்கும். நம்ம பாத்துகினே இருக்கணுமா?"

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஊசி என்ன விலை என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று அனத்தோடு சண்முகவேலிடம் போனேன். விலையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

அனத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தபோது உசேன் ஒரு அம்மாவுக்கு ஜாக்கெட் துணி அளந்துகொண்டிருந்தான், தம்பியால். அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். மனசுக்குள் என்னவோ அரித்துக்கொண்டிருந்தது. டாக்டரின் ஸ்கேல் பொய் சொல்லாது. மாப்பிள்ளையும் பொய் சொல்லமாட்டான். பிறகு யார்?

"உசேன், பெருநாளுக்கு முந்தின நாளு மாப்பிள்ளையத்தானே கொண்டாந்த?"

அவன் தலையைச் சொறிந்தான். பதினைந்து வருஷத்தில் அவன் தலையைச் சொறிந்து நல்ல செய்தி வந்ததில்லை.

"மாப்பிள்ளய எப்டி பாய் வெளிய எடுக்கறது? பெருநாள் நேரம். ஆபீஸர் வந்து செவுத்துல கம்பி எங்கடான்னா நான் இன்னா சொல்றது, மறுவூட்டுக்குப் போயிகீதுன்னா?"

"அப்ப எதக் கொண்டாந்த?"

"கைல எது சும்மா கீதோ அது. பெருநாளு ஏவாரத்துல தம்பிக்கு மூச்சு வுட நேரமில்ல. அண்ணன்தான் சும்மா கெடந்தான். இந்த வருஷம் அண்ணன்."

"போன வருஷம்?"

"அதுவும் அண்ண... இல்ல, இரு பாய். போன வருஷம் விம்கோ நகர் குடோன்ல மிச்சத்துணி லாட்டு எடுத்தோமே, அண்ணன அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன். நீ கூட, அண்ணன் எங்கடா நைட்டு தங்கிட்டான்னு என்ன வையல? அன்னிக்கி தம்பியத்தான் கொண்டாந்தேன். அதுக்கு முந்தி ரெண்டு வருஷமும் அண்ணன்தான். நல்லா ஞாபகம் கீது."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல. அதுவுமில்லாம, ரெண்டு சென்டிமீட்டர்ல இன்னா பாய் ஆவப்போவுதுன்னு நீதானே எப்பவும் சொல்லுவ?"

அந்த வாக்கியம் என்னுடையதுதான். கேட்கிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொன்னதுதான்.

கணக்குப் போட உட்கார்ந்தேன், வரவில்லை. நீளமான கம்பியால் அளந்தால் எண் குறையுமா கூடுமா என்பதே திடீரென்று குழம்பிவிட்டது. துணியில் தூக்கத்திலும் தெரிகிற விஷயம் மகளில் தலைகீழாக நின்றது. குட்டைக் கம்பி அதிகம் காட்டியிருக்கிறது. ஆகவே அந்த நூற்றுப் பதினாலு பொய். நெட்டைக் கம்பி குறைத்துக் காட்டியிருக்கிறது. ஆகவே மற்ற மூன்றும் பொய். நாலும் பொய் என்றால் எது வளர்ச்சி, எது தேக்கம்? இதைப் பிரித்துச் சொல்ல டாக்டர் ஒருவரால்தான் முடியும். அவரிடம் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு ஆறு மாசம் காத்திருக்கலாம். என் மரியாதைக்கு ஒன்றும் ஆகாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அனம் பாடப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை வந்தது, நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அந்த எண்ணிக்கையில் நின்றுகொண்டு மரியாதையைப் பற்றி யோசிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மூன்று கம்பிகளையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு, மைமூனையும் அனத்தையும் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"டாக்டர், இந்த வருஷம் அளந்தது அண்ணன். போன வருஷம் தம்பி. அதுக்கு முன்னாடி அண்ணன். மாப்பிள்ளை ஒரு தடவை கூட வரலை."

"குடும்பத் தகராறெல்லாம் எனக்கெதுக்கு பாய்?"

பேப்பரைப் பிரித்து மேஜைமேல் மூன்றையும் வரிசையாக வைத்தேன். ஒரு முனையைச் சேர்த்து வைத்தால் மறுமுனை மூன்றும் மூன்று இடத்தில் நின்றன. மாடிப்படி மாதிரி. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் எது எதற்கு என்று நானே சொல்லிவிட்டேன்.

டாக்டர் மூன்று முனையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "போன கிறிஸ்மஸுக்கு உங்க கடையிலதான் திரைத்துணி எடுத்தோம். பன்னிரண்டு மீட்டர். ஜன்னலுக்குப் பத்தலை. என் வீட்டம்மா அந்தத் தையல்காரரோட இன்னும் பேசறதில்லை" என்றார்.

நான் மேஜையைப் பார்த்தேன்.

மைமூன்தான் கேட்டாள். பன்னிரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் செய்பவள்; கம்பி விஷயம் அவளுக்கு அன்றுதான் தெரியும். கத்தவில்லை. "பெத்த புள்ளைக்குமா?" என்றாள்.

"நான் மாப்பிள்ளையத்தான் கொண்டாரச் சொன்னேன் மைமூன். சத்தியமா."

"மூணு கீறதாலதானே எதக் கொண்டாரதுன்னு அவன் தேடுனான்? ஒண்ணே ஒண்ணு இருந்தா அதத்தானே கொண்டாந்திருப்பான்."

நான் மாப்பிள்ளையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் அதற்குள் அண்ணனையும் தம்பியையும் தன் ஸ்கேலோடு வைத்து அளந்துவிட்டார். ஒரு தாளில் பெருக்கினார். எழுதினதை என் பக்கம் திருப்பினார். தொண்ணூற்றேழு, 103. தொண்ணூற்றெட்டு, 109.1. தொண்ணூற்றொன்பது, 111.7. இந்தப் பெருநாள், 113.2.

"பாருங்க. யாரும் சுருங்கலை. முதல் வருஷம் ஆறு. நல்ல வளர்ச்சி. அப்புறம் குறட்டை வருது. ரெண்டரை. அப்புறம் ஒண்ணரை." பேனாவைத் தாளில் தட்டினார். "ஆறு மாசம் காத்திருக்க வேண்டாம். தொண்டை டாக்டருக்கு எழுதித் தரேன்."

"ஊசி?"

"முதல்ல தூங்கட்டும். தூக்கமே தராம ஹார்மோன் இல்லைன்னு அந்தச் சுரப்பி மேல குற்றம் சொல்ல முடியாது."

அவர் வீட்டுக்கு அன்றைக்கே பன்னிரண்டு மீட்டர் திரைத்துணி அண்ணனால் அளந்து அனுப்பினேன். தையல்காரருக்கும் ஒரு சட்டைத்துணி.

மே மாதப் பள்ளி விடுமுறையில் ஆபரேஷன். தொண்டைச் சதை, மூக்குக்குப் பின்னால் இருந்த சதை, இரண்டையும் எடுத்தார்கள். ஒரு வாரம் ஐஸ்க்ரீம் தின்றாள். இதற்காகவே இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். தொண்டை ஆறிய பிறகு ஒரு நாள் ராத்திரி, எழுந்து உட்கார்ந்தோம் நானும் மைமூனும் ஒரே நேரத்தில். என்னவோ சரியில்லை. லாரி ஹாரன் கேட்கிறது, பக்கத்து வீட்டு மின்விசிறி கேட்கிறது, அனம் கேட்கவில்லை. மைமூன் விளக்கைப் போட்டாள். நான் மூக்கடியில் விரலை வைத்தேன். இளஞ்சூடான காற்று, போயும் வந்தும், சத்தமில்லாமல். வாய் மூடியிருந்தது. அவள் வாய் மூடித் தூங்கி நாங்கள் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"இதுதான் தூக்கமா?" என்றாள் மைமூன்.

"தெரியலயே" என்றேன். இது நல்லதா கெட்டதா என்று புரியாமல் மாறி மாறி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே நாங்கள்தான் தூங்கவில்லை.

அந்த வருஷம் இரண்டாவது நோன்புப் பெருநாள் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. அதற்கு நான்கு நாள் முன்னால் டாக்டரிடம் போனோம். சுவர் ஸ்கேலில் நிற்க வைத்தார். அனம் குதிகாலைத் தூக்கப் பார்த்தாள். "உங்க அத்தா வேலையெல்லாம் இங்க வேண்டாம்" என்று தலையில் பலகையை இறக்கினார். நூற்று இருபதரை.

"ஊசி வேணாமா டாக்டர்?"

"வேண்டாம்."

"வுட்டது மொத்தமும் திரும்பி வந்துடுமா?"

"சில பிள்ளைங்க முழுசாப் பிடிச்சுடுவாங்க. சில பேருக்குக் கொஞ்சம் பாக்கி நின்னுடும். இவ எப்படின்னு இப்பச் சொல்ல எனக்குத் தெரியாது."

"ஒரு உத்தேசமா?"

"உத்தேசத்துக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன் பாய்."

கொடுக்கவேண்டியவன் யார், எப்போது கொடுப்பான், கொடுப்பானா என்று ஒன்றுமே தெரியாமல் நான் திறந்து வைத்த முதல் கணக்கு இது. கடைக்கு வந்து டைரியில் எழுதினேன்.

தொண்ணூற்றெட்டுப் பெருநாள் தொடங்கி மூன்று வருஷத்துக்கு, வருஷம் ஆறு சென்டிமீட்டர் வீதம் வரவேண்டியது: 18.

குறட்டை விட்ட இரண்டு வருஷத்தில் வந்தது: 4.1.

இந்த ஒரு வருஷத்தில் வந்தது: 7.3.

ஆக மொத்தம் வரவு: 11.4.

பாக்கி: 6.6.